"ஸ்டே இருக்கு": வக்கீலாக இருந்து நகர்மன்றத் தலைவரான ஒருவரின் பொதுவாழ்வு, 2006 முதல் 2024 வரை – ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வருபவர் தமிழ்நாட்டின் வட மாவட்டம் ஒன்றில் நகராட்சித் தலைவராக இருக்கும் பெண்மணி. 1994-இல் வழக்கறிஞராகப் பதிவு செய்து, 2022 வரை அதே ஊர் நீதிமன்றங்களில் உரிமையியல் வழக்குகள் நடத்தியவர். நான் 2003-இல் அவரிடம் ஜூனியராகச் சேர்ந்தேன். அவர் தொழிலை விட்ட பிறகு அந்த அலுவலகத்தை நான்தான் நடத்துகிறேன். ஆகவே தள்ளி நின்று பார்த்தவன் எழுதியதாக இதைக் கொள்ள வேண்டாம். இதில் வரும் முக்கியமான தவறு ஒன்றில் என் கையெழுத்தும் இருக்கிறது. ஊர், கட்சி, ஆட்களின் அடையாளங்களை விட்டுவிட்டேன். அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

வக்கீல் தொழிலிலிருந்து உள்ளாட்சிக்கு வரும் இளையவர்கள் கூடியிருக்கிறார்கள். அவர்களுக்குப் பயன்படட்டும் என்பதுதான் நோக்கம்.

பின்னணி

அவருடைய அப்பா வக்கீல் குமாஸ்தா. வழக்குக் கட்டு தைப்பது, வாய்தா குறிப்பது, நகல் மனு போடுவது எல்லாம் வீட்டிலேயே பார்த்து வளர்ந்தவர். வாடகை, ஒத்தி, பாகப்பிரிவினை, எல்லைத் தகராறு என்று சின்னச் சின்ன வழக்குகள்தான் அவருக்கு அதிகம் வந்தன. காசு குறைவாக வரும் வேலை. ஆனால் ஊரில் எந்தத் தெருவில் யாருக்கு என்ன சிக்கல் என்பது முழுக்கத் தெரிந்துவிடும். "வக்கீலம்மா" என்றால் ஊரில் அவர் ஒருவரைத்தான் குறிக்கும்.

2006 அக்டோபரில் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் அவர் கவுன்சிலரானார். தொழிலைத் தொடர்ந்தார். அதில் சட்டப்படி தவறில்லை. எம்.பி., எம்.எல்.ஏ.க்கள்கூட வழக்கறிஞராகத் தொழில் செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் நகர்மன்ற உறுப்பினர்களுக்குத் தனியாக ஒரு தடை உண்டு. அப்போது நடைமுறையில் இருந்த 1920-ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டத்தின்படி, உறுப்பினர் ஒருவர் நகராட்சியிடம் கட்டணம் வாங்கும் வக்கீலாகவோ, நகராட்சிக்கு எதிராக வழக்காடும் வக்கீலாகவோ இருக்க முடியாது. இருந்தால் பதவி போய்விடும்.

அது அவருக்கு நன்றாகத் தெரியும். அதனால் நகராட்சி பிரதிவாதியாக இருந்த வழக்குகளிலிருந்தெல்லாம் விலகினார். அந்தக் கட்டுகளை என்னிடம் கொடுத்தார். அதே அலுவலகம், அதே மேஜை, கட்சிக்காரர் வக்கீலை நியமித்துக் கையெழுத்திடும் வக்காலத்தில் மட்டும் என் பெயர்.

2008: வாய்க்கால் வழக்கு

ஊரின் மழைநீரை ஏரிக்குக் கொண்டுபோகும் பழைய வாய்க்கால் ஒன்று உண்டு. அதன் கரையில் 14 குடும்பங்கள் வீடு கட்டியிருந்தன. கூலி வேலை செய்பவர்கள், இரண்டு தையல்காரர்கள், ஒரு இட்லிக் கடை. 2008-இல் நகராட்சி ஆட்கள் ஒருநாள் நோட்டீஸ் எதுவும் இல்லாமல் ஜே.சி.பி.யோடு வந்து நின்றார்கள். அவர்கள் திரும்பிப் போன அன்று சாயங்காலமே 14 குடும்பங்களும் எங்கள் அலுவலக வாசலில் நின்றன.

சட்டம் எங்கள் பக்கம் இல்லை என்பது எங்களுக்குத் தெரியும். நீர்நிலைப் புறம்போக்கில் உள்ள ஆக்கிரமிப்புகளை அடையாளம் கண்டு அகற்ற வேண்டும் என்று எல்.கிருஷ்ணன் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2005-இலேயே சொல்லிவிட்டது. வாய்க்காலுக்குப் பட்டா கேட்க முடியாது. அதனால் கேட்கக்கூடியதை மட்டும் கேட்டோம். நோட்டீஸ் கொடுத்து, விசாரித்து, சட்டம் சொல்லும் முறைப்படிதான் வெளியேற்ற வேண்டும், அப்படிச் செய்யாமல் கைவைக்கக் கூடாது என்று உறுத்துக்கட்டளை, அதாவது நீதிமன்றத் தடை உத்தரவு, கோரினோம். முதலில் இடைக்காலத் தடை (ஸ்டே) கிடைத்தது. 2011-இல் வழக்கும் அதே அளவில் தீர்ப்பானது. நகராட்சி மேல்முறையீடு செய்யவில்லை.

அந்த வழக்கில் நாங்கள் தாக்கல் செய்த ஆவணங்களில் வீட்டு வரி ரசீதுகளும் இருந்தன. அந்த வீடுகளுக்கு வரி விதிக்கச் சொல்லி நகராட்சி அலுவலகத்தில் பேசியவர் அந்த வார்டின் கவுன்சிலர். அதாவது, எங்கள் சீனியர். வரி ரசீது உரிமைப் பத்திரமாகாது என்பது வேறு விஷயம். அந்த இடத்தில் அவர்கள் குடியிருந்தார்கள் என்று காட்ட அது பயன்பட்டது. கவுன்சிலராக ஒரு கையால் உண்டாக்கிய ஆவணத்தை, அலுவலகத்தின் இன்னொரு கையால் நகராட்சிக்கு எதிராகவே தாக்கல் செய்தோம். யாரும் ஆட்சேபிக்கவில்லை. நாங்களும் அன்றைக்கு அதைத் தவறாகப் பார்க்கவில்லை. ஏழைகளுக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தோம். அந்த நினைப்பில் பொய் இல்லை. ஆனாலும் அது தவறுதான்.

2011 – 2022: பதவி இல்லாத காலம்

2011-இல் நகராட்சித் தலைவர் பதவிக்கு நேரடித் தேர்தல். நின்று தோற்றார். 2016-இல் மறுபடி மனுத் தாக்கல் செய்தார். அந்த அக்டோபரிலேயே உயர் நீதிமன்றம் தேர்தலை ரத்து செய்தது. நகராட்சிகள் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் அரசு நியமித்த தனி அலுவலர்கள் கையில் இருந்தன. கேள்வி கேட்க மன்றமே இல்லை.

அந்த இடைவெளியில் வாய்க்கால் கரையில் 14 வீடுகள் 31 ஆயின. புலப்படத்தில் 6 மீட்டர் அகலம் காட்டும் வாய்க்கால், சில இடங்களில் 2 மீட்டருக்குச் சுருங்கிவிட்டது. 2021 நவம்பர் மழையில் மூன்று வார்டுகளில் நான்கு நாள் தண்ணீர் நின்றது. கழிவுநீரும் கலந்ததால் கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் கல்யாண மண்டபத்துக்குப் போனார்கள்.

2022 பிப்ரவரி 19-இல் தேர்தல். அவருடைய வார்டும், தலைவர் பதவியும் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தன. "இந்த மழைக்குள் வாய்க்காலைத் திறப்பேன்" என்பதுதான் அவர் பிரசாரம். மார்ச் 4-இல் நடந்த மறைமுகத் தேர்தலில் 27 உறுப்பினர்களில் 15 பேர் வாக்களித்து அவர் தலைவரானார்.

முதல் முடிவு: தொழிலை நிறுத்தியது

பதவியேற்ற அதே மாதத்தில் தன் வழக்கறிஞர் தொழிலைத் தானாக நிறுத்திவைப்பதாக பார் கவுன்சிலுக்கு எழுதிக் கொடுத்தார். சட்டம் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. "2006-ல செஞ்ச மாதிரி இந்தத் தடவை செய்ய வேணாம்" என்று மட்டும் என்னிடம் சொன்னார்.

நகராட்சி எதிர்த் தரப்பாக இருந்த 11 கட்டுகளையும் இந்த முறை நான் வைத்துக்கொள்ளவில்லை. வழக்கின் கட்சிக்காரர்களைக் கூப்பிட்டு, ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட்டு, வேறு வக்கீலை வைத்துக்கொள்ளச் சொல்லிக் கட்டைத் திருப்பிக் கொடுத்தோம். பாதிப் பேருக்குக் கோபம். ஒருவர் கொடுத்த ஃபீஸைத் திரும்பக் கேட்டார், கொடுத்தோம்.

இதற்கு விலை உண்டு. அப்போது நகர்மன்றத் தலைவருக்கு மாத மதிப்பூதியம் கிடையாது. 2023 ஜூலையிலிருந்துதான் நகராட்சித் தலைவர்களுக்கு மாதம் 15,000 ரூபாய் என்று அரசு அறிவித்தது. நடுவில் பதினைந்து மாதம் அவர் வீட்டுச் செலவு கணவரின் ஓய்வூதியத்தில் ஓடியது. நேர்மையாக இருக்க வேண்டும் என்று உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்குச் சொல்வது எளிது. அந்த நேர்மைக்கு யார் சம்பளம் கொடுப்பது என்ற கேள்வியை நாம் பெரிதாகக் கேட்டுக்கொள்வதில்லை.

முதல் ஆறு மாதம்: மன்றம் நீதிமன்றமான கதை

இந்தப் பகுதியை விரிவாகச் சொல்ல வேண்டும். வக்கீல்கள் அரசியலுக்கு வந்தால் தடுக்கி விழும் இடம் இதுதான் என்பது என் எண்ணம்.

இரண்டாவது மன்றக் கூட்டத்தில் பிளீச்சிங் பவுடர் கொள்முதல் ஒரு கூட்டப் பொருளாக வந்தது. தலைவர் துப்புரவு ஆய்வாளரை எழுந்து நிற்கச் சொல்லி, இருப்புப் பதிவேட்டை வைத்துக் கேள்வி கேட்க ஆரம்பித்தார். "மார்ச் 10-ம் தேதி இருப்பு எத்தனை மூட்டை? 12-ம் தேதி எத்தனை? நடுவில் வெளியே போனதற்கு வவுச்சர் உண்டா இல்லையா? ஆமா, இல்லைன்னு மட்டும் சொல்லுங்க." நாற்பது நிமிடம். நான் பார்வையாளர் வரிசையில் இருந்தேன். அருமையான குறுக்கு விசாரணை. நீதிமன்றமாக இருந்தால் சாட்சி அங்கேயே உடைந்திருப்பார். உறுப்பினர்கள் மேஜையைத் தட்டினார்கள்.

நான்கு மூட்டைக்குக் கணக்கு இல்லை என்பது தெரிந்தது. சரி. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் கவனிக்க வேண்டும். அடுத்த மாதத்திலிருந்து எந்த அதிகாரியும் வாய்மொழியாக எதற்கும் பதில் சொல்வதில்லை. தெருவிளக்கு ஒன்றை மாற்றக்கூடக் குறிப்பு எழுதி, மேலே அனுப்பி, கையெழுத்து வாங்கிய பிறகே ஆளை அனுப்பினார்கள். யாரும் வேலை செய்ய மறுக்கவில்லை. ஒவ்வொருவரும் தன் பதிவேட்டைச் சரியாக வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். கோப்புகள் கூடின, வேலை குறைந்தது. ஜூலையில் குடிநீர்க் குழாய் உடைப்பு ஒன்றைச் சரிசெய்ய ஒன்பது நாள் பிடித்தது.

நீதிமன்றத்தில் எதிர்த் தரப்புச் சாட்சியை விசாரித்து முடித்தால் அவரை மறுபடி பார்க்க வேண்டியதில்லை. நகராட்சியில் அதே துப்புரவு ஆய்வாளர்தான் மறுநாள் காலை ஐந்து மணிக்குத் தெருவில் நிற்க வேண்டும். எதிர்த்து ஓட்டுப்போட்ட 12 பேரும் அடுத்த மாதக் கூட்டத்துக்கும் வருவார்கள், அதற்கடுத்த மாதமும் வருவார்கள். இதை அவருக்கு எடுத்துச் சொன்னவர் துணைத்தலைவர். பள்ளி இறுதிகூட முடிக்காதவர், மூன்றாவது முறை கவுன்சிலர். "மேடம், நீங்க ஜெயிக்கிறீங்க. ஆனா வேலை நடக்கல" என்றார். அன்று இரவு அந்த வார்த்தையை அவர் என்னிடம் இரண்டு முறை திருப்பிச் சொன்னார்.

அதன்பிறகு கூட்டத்துக்கு முந்தின நாள் மாலை, ஆணையர், பொறியாளர், நகரமைப்பு ஆய்வாளர், துப்புரவு ஆய்வாளர் எல்லோரையும் தன் அறையில் உட்கார வைத்துப் பேசுவது வழக்கமானது. சந்தேகங்களை அங்கேயே கேட்டார். தப்பைத் திருத்த ஒரு வாரம் கொடுத்தார். அதற்கும் சரியாகாவிட்டால்தான் மன்றத்தில் எழுப்புவது. வேலை உடனே வேகம் பிடித்துவிடவில்லை. அந்தப் பயம் தெளிய ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது.

செப்டம்பர் 2022: கோப்பு மேஜைக்கு வந்தது

வாய்க்கால் கோப்பைக் கேட்டு வாங்கினார். கடைசிக் குறிப்பில் ஒரே வரிதான் இருந்தது: தடையாணை உள்ளதால் நடவடிக்கை எடுக்க இயலவில்லை. அதற்கு முந்தைய குறிப்பும் அதுவே. அதற்கு முந்தையதும் அதுவே. எந்த ஆணையர் வந்து கேட்டாலும், பிரிவில் இருப்பவர்கள் "ஸ்டே இருக்கு சார்" என்பார்கள். கோப்பு உள்ளே போய்விடும்.

ராத்திரி பத்து மணிக்கு எனக்குப் போன் செய்து, 2011 தீர்ப்பின் நகலை எடுத்துக் கடைசிப் பத்தியைப் படிக்கச் சொன்னார். படித்தேன். "சட்டப்படியான நடைமுறையைப் பின்பற்றியே அன்றி வாதிகளை வெளியேற்றக் கூடாது." கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை.

நகராட்சிக்குத் தடையே கிடையாது. தமிழ்நாடு நில ஆக்கிரமிப்புச் சட்டம், 1905-இன் 7-ஆம் பிரிவில் வட்டாட்சியர் மூலம் நோட்டீஸ் கொடுத்து, பதிலைக் கேட்டு, 6-ஆம் பிரிவில் உத்தரவு போட்டிருந்தால் அந்தத் தீர்ப்பு குறுக்கே வந்திருக்காது. பதினொரு வருடமாக யாரும் அந்தப் பத்தியைப் படிக்கவில்லை. அல்லது, படித்தவர்களுக்கும் அப்படியே கிடப்பதுதான் வசதியாக இருந்தது. அந்தக் கட்டடத்திலேயே அதன் அர்த்தம் முழுசாகத் தெரிந்த ஒரே ஆள், அதை எழுதி வாங்கியவர்.

அவர் முன் மூன்று வழிகள் இருந்தன. பேசாமல் இருப்பது ஒன்று. அந்த 31 வீடுகளிலும் அவருடைய ஓட்டு இருந்தது. ஆணையரிடம் தனியாகக் காதில் போட்டுவிட்டு, நடவடிக்கை தானாக நடந்த மாதிரி விடுவது இன்னொன்று. நான் சொன்ன யோசனை அதுதான். மூன்றாவது, மன்றத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வது.

அக்டோபர் கூட்டத்தில் மூன்றாவதைச் செய்தார். அந்த வழக்கைத் தன் அலுவலகம் நடத்தியதையும், தான் கவுன்சிலராக இருந்தபோதே அது தாக்கல் ஆனதையும், வரி விதிப்புக்குத் தான் பேசியதையும் எழுத்தில் கொடுத்தார். தீர்ப்பு பொது ஆவணம், அதன் பொருளை நகராட்சி வழக்கறிஞரிடம் கருத்துரையாக வாங்குங்கள் என்று சொன்னார். துணைத்தலைவரைத் தலைமை ஏற்கச் சொல்லிவிட்டு வெளியே போய் உட்கார்ந்தார். எதிரணி ஒரு மணி நேரம் அவரைக் கிழித்தது. மறுநாள் ஊர் முழுக்க அதே பேச்சு. கடைசியில் கூட்டு அளவீடு செய்து நோட்டீஸ் கொடுக்க வருவாய்த் துறையைக் கேட்பது என்ற தீர்மானம் எதிர்ப்பில்லாமல் நிறைவேறியது. தலைவர் ரகசியமாகக் காய் நகர்த்துகிறார் என்று சொல்ல எதிரணிக்கு எதுவும் மிச்சமிருக்கவில்லை. என் யோசனைப்படி போயிருந்தால் அது நடந்திருக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அளவீட்டின்போது இன்னொன்று நடந்தது. வருவாய் அதிகாரி ஒருவர், "மேடம், எந்தெந்த வீடு எப்போ கட்டினதுன்னு உங்களுக்குத் தெரியுமே" என்று கேட்டார். அவருக்குத் தெரியும். 2008-இல் ஒவ்வொரு குடும்பமும் எங்கள் முன்னால் உட்கார்ந்து சொன்ன கதை அது. "அது என் கட்சிக்காரங்க என்கிட்ட சொன்னது. நான் சொல்ல முடியாது" என்று மறுத்துவிட்டார். அன்று நடைமுறையில் இருந்த சாட்சியச் சட்டத்தின் 126-ஆம் பிரிவு, வழக்கு முடிந்த பிறகும் வக்கீலின் வாயைக் கட்டுகிறது. தலைவர் பதவி அந்தக் கட்டை அவிழ்ப்பதில்லை. இந்த வித்தியாசத்தை அவர் காப்பாற்றியதை நான் மிகவும் மதிக்கிறேன்.

நோட்டீஸ் முதல் மே 2023 வரை

டிசம்பரில் நோட்டீஸ் போனது. விசாரணை, பதில், பிப்ரவரியில் உத்தரவு. சிலர் மேல்முறையீடு செய்தார்கள், இருவர் உயர் நீதிமன்றம் போனார்கள். அவர்களுக்கு மே இறுதி வரை அவகாசம் மட்டும் கிடைத்தது. பரீட்சை முடிந்து, ஜூனில் பள்ளி திறக்கும் முன் நகர்த்த வேண்டும் என்று தலைவர் கேட்டிருந்ததும் அதனோடு பொருந்தியது. நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் அடுக்குமாடிக் குடியிருப்பில், ஊரிலிருந்து 7 கிலோமீட்டரில், 26 குடும்பங்களுக்கு வீடு ஒதுக்கினார்கள். வேறு இடத்தில் குடும்பத்தார் பெயரில் வீடு இருப்பதாகச் சொல்லி 5 குடும்பங்களுக்கு மறுத்துவிட்டார்கள்.

இடிக்கும் நாளுக்கு முந்தின நாள் அவர் கரைக்குப் போனார். நானும் போனேன். 2008-இல் எங்கள் அலுவலக வாசலில் முதலில் வந்து நின்ற அம்மா, இப்போது வயது எழுபதுக்கு மேல், மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்.

"வக்கீலம்மா, அன்னிக்கு நீங்கதானே இனி எங்கள யாரும் கிளப்ப முடியாதுன்னு சொன்னீங்க?"

"சட்டப்படி இல்லாம கிளப்ப முடியாதுன்னு சொன்னேம்மா."

"அதெல்லாம் எனக்கு எப்படிம்மா புரியும்?"

பதில் சொல்ல அவரால் முடியவில்லை. என்னாலும் முடியவில்லை. அந்தத் தீர்ப்பை நம்பி அந்த அம்மா 2013-இல் கடன் வாங்கி மாடிப்படி கட்டியிருந்தார்.

விளைவுகள்

வாய்க்கால் 6 மீட்டருக்குத் திரும்பியது, தூர்வாரிக் கரை கட்டினார்கள். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் வட மாவட்டங்களில் கொட்டியபோது, அந்த மூன்று வார்டுகளிலும் தண்ணீர் வந்தது. வந்த தண்ணீர் அன்று இரவே வடிந்தது. அந்த ஜனங்களுக்கு இது பெரிய விஷயம்.

போனவர்களின் நிலைமை அப்படி இல்லை. 26 குடும்பங்களில் 8 குடும்பங்கள் ஒரு வருடத்துக்குள் ஊருக்குள்ளேயே வாடகைக்குத் திரும்பிவிட்டன. வேலை இங்கே, வீடு அங்கே. பேருந்து கேட்டுத் தலைவர் எழுதிய கடிதங்களுக்குப் பலன் கிடைக்க ஐந்து மாதம் ஆனது, அதுவும் காலையில் ஒரு நடை. ஒன்பது பிள்ளைகளின் பள்ளி மாற்றம் ஜூனில் ஒழுங்காக நடக்கவில்லை. இரண்டு பேர் படிப்பையே விட்டுவிட்டார்கள். இட்லிக் கடை மறுபடி எழவில்லை.

அரசியலில், அவருடைய சொந்த வார்டில் அவருக்கு ஆதரவு குறைந்திருக்கிறது. மற்ற வார்டுகளில் கூடியிருக்கிறது.

மாற்ற வேண்டியவை

2006-இல் நகராட்சிக்கு எதிரான கட்டுகளை ஜூனியருக்குக் கைமாற்றியதுதான் வேர். சட்டத்தின் எழுத்தைக் காப்பாற்றினோம், அதன் நோக்கத்தைத் தாண்டிவிட்டோம். கவுன்சிலராகும் வக்கீல், அப்படிப்பட்ட கட்டுகள் தன் அலுவலகத்தைவிட்டே வெளியே போகும்படி செய்ய வேண்டும். 2023 ஏப்ரலில் பழைய சட்டம் போய் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், 1998 நடைமுறைக்கு வந்துவிட்டது. எந்தச் சட்டம் இருந்தாலும் இது பொருந்தும்.

தன் பழைய வழக்குகளின் பட்டியலை அவர் முதல் கூட்டத்திலேயே மன்றத்தில் வைத்திருக்கலாம். அக்டோபர் வரை காத்திருந்ததில் ஒரு மழைக்காலம் போனது. பிரசாரத்தில் "வாய்க்காலைத் திறப்பேன்" என்றபோதே அந்த வழக்கு தன்னுடையது என்று சொல்லியிருக்க வேண்டும். அதை அவரே இப்போது சொல்கிறார்.

பேருந்தும் பள்ளிச் சேர்க்கையும் உறுதியான பிறகே இடிக்கும் தேதியைக் குறித்திருக்க வேண்டும். அவை நகராட்சியின் கையில் இல்லை என்பது உண்மைதான். ஆனால் தேதியைக் குறிப்பதில் நகராட்சிக்குப் பங்கு இருந்தது.

என் பங்குக்கு, எங்கள் அலுவலகத்தில் ஒன்றை மாற்றியிருக்கிறேன். தீர்ப்பு வந்ததும் அதன் பொருளை எளிய தமிழில் ஒரே பக்கத்தில் எழுதி, இது எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது என்று கட்சிக்காரருக்கு வாசித்துக் காட்டிக் கையில் கொடுக்கிறோம். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் வீட்டில் படிக்கத் தெரிந்த ஒருவரையும் கூட வரச் சொல்கிறோம்.

வீடு மறுக்கப்பட்ட 5 குடும்பங்களில் மூன்றுக்கு, குடும்பத்தார் பெயரில் இருப்பதாகச் சொன்ன வீடு ஏற்கெனவே விற்கப்பட்டது. வில்லங்கச் சான்றோடு மறுபரிசீலனை மனு கொடுத்திருக்கிறார்கள். இதை எழுதும் வரை உத்தரவு வரவில்லை.